கண்ணுக்குத் தெரிந்த வைரஸ்

வைரஸ் சாமி வந்துவிட்டார் என்றதும் ஊரே வேலைவெட்டியை விட்டுவிட்டுப் பழைய பஞ்சுக் கிடங்குக்கு ஓடியது. வயிற்றுப் புற்றுநோய்க் கிருமியைக் கத்தியில்லாமல் கையாலேயே உருவி எடுப்பாராம். வயிற்றுவலிக்காரர்கள் வந்தார்கள். வலி இல்லாதவர்களும், எதற்கும் இருக்கட்டுமே என்று வந்தார்கள். முண்டியடித்து முன்னால் நின்ற புத்திசாலி நான். தொழில், பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார்.

என் வயிற்றுச் சதையைச் சோதித்த டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்.

"இந்த வைரஸ் சின்ன வயசுலயே பெரும்பாலும் எல்லாருக்கும் வந்து, உடம்புல சும்மா கிடக்கும் சார். அபூர்வமா சிலருக்கு வயித்துப் புத்துநோயில அதுக்கும் பங்கு இருக்கு. உங்க கட்டியில அது இருக்கு. ஆரம்பக் கட்டம்தான். அறுத்து எடுத்துடலாம், தள்ளிப்போடாதீங்க."

எனக்கு 'வைரஸ்' மட்டும் கேட்டது. 'அறுத்து' வந்ததும் காது அடைத்துக்கொண்டது.

கிடங்கில் என்னைக் கட்டிலில் கிடத்தி, உச்சி முதல் பாதம் வரை கனத்த போர்வையால் மூடினார்கள். வெளிச்சம் பட்டால் கிருமி ஒளிந்துகொள்ளுமாம்! சாமி போர்வைமேல் பிசைந்தார், கையை உள்ளே விட்டார், கறுப்பாக நெளியும் ஒன்றை வெளியே எடுத்து, என் முகத்துப் போர்வையை விலக்கிக் காட்டினார்.

"பாத்துக்க! இதான் வைரஸ்! இன்னும் குட்டிங்க இருக்கு, நாளைக்கும் வா!"

வைரஸ் சாதாரண மைக்ராஸ்கோப்பிலும் தெரியாது என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவன், விரல் நீள வைரஸைப் பார்த்துக் கைகூப்பினேன்.

மறுநாளும் போய் நின்றேன். என் மனைவி ஒரு சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் முழுக்க மூடிய ஓர் உருவம்.

"என் மாமியார் சாமி. எழுந்திரிக்க முடியல."

என் அம்மா காலமாகிப் பல வருஷமாகிறது. ஆனாலும், அம்மாவே சாமியைத் தேடி வந்துவிட்டாளே என்று ஒரு கணம் நெஞ்சு நெகிழ்ந்தது. நம்புங்கள், நான் பட்டதாரி.

சாமி பிசைந்தார். "அம்மா, மூச்ச நல்லா இழுத்து விடுங்க... ஐயையோ, வயிறு பூரா வைரஸ்!" வரிசையாக உருவிப் போட்டார்.

மனைவி போர்வையை இழுத்தாள். சுருட்டிய மெத்தை. இரண்டு தலையணை.

"இதுல எந்தத் தலையணைக்கு சாமி வியாதி?"

கிடங்கே கொல்லென்று சிரித்தது. எனக்கோ, அந்தத் தலையணையிலிருந்துதான் எனக்குத் தொற்றியதோ என்று சந்தேகம்! அதற்குள் அவள் சாமியின் சட்டைக் கையைப் பிடித்து உதறினாள். மை தோய்த்த மண்புழுக்கள் கொட்டின. மண்புழுப் பாடமும் நான்தான் எடுக்கிறேன். சாமி பின்வாசல் வழியாகப் பறந்தார்.

மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள். "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்? வாங்க ஆஸ்பத்திரிக்கு."

போனேன். வயிற்றில் பாதியை வெட்டி எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டேன்.

பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் என் காதோரம் குனிந்தார். "அவன் போலிச் சாமி, வாத்தியாரே. அசல் சாமி ஒருத்தர் வந்திருக்காராம், போலாமா?"

பாதி வயிற்றோடு வாழ்ந்துவிடலாம் ஐயா. முழுத் தலையைப் பூட்டியே வைத்திருந்தால் எந்த டாக்டர் வந்து திறப்பார்? நீங்களே கொஞ்சம் திறந்து பாருங்களேன்!