வாங்கவிடாத வல்லுநர்

கம்ப்யூட்டர் விற்பவர்கள் ஓர் இனம். வாங்குபவர்கள் இன்னோர் இனம். இந்த இருவருக்கும் நடுவே, சல்லிக்காசு லாபமில்லாமல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, விற்பவனை விற்கவிடாமலும் வாங்குபவனை வாங்கவிடாமலும் காக்கிற மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அன்பர்களே, உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். கல்கத்தாவில் எங்கள் பவானிப்பூர் சந்தில் இருப்பவர் பெயர் நிருபம் சான்யால்.

இவரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? ரொம்பச் சுலபம். டீக்கடையில் நின்று, "கம்ப்யூட்டர் வாங்கலாம்னு இருக்கேன்" என்று காற்றோடு சொல்லிப் பாருங்கள். மண்குவளையைப் பாதியில் வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "உன் தேவை என்ன? அதை முதல்ல சொல்லு" என்பார். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் உங்கள் தேவையை அவரே சொல்ல ஆரம்பித்துவிடுவார். லேப்டாப் என்றால் கழுத்து போய்விடும் என்பார். டெஸ்க்டாப் என்றால் கரண்ட் போய்விடும் என்பார். அப்படியானால் இரண்டுமே வேண்டாமா என்றால், வேண்டாம் என்று நான் சொன்னேனா என்று கோபித்துக்கொள்வார். கடைசியில் ஒரு வாக்கியம் வரும், எல்லா விவாதத்துக்கும் அதுதான் மங்களம்: "அவசரப்படாதே. துர்க்கா பூஜைக்கு அப்புறம் புதுசு வருது."

அவர் வீட்டில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஒரு லேப்டாப். நினைத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று வாங்கியது. பேட்டரி செத்துப்போனதால் ஒயரோடு சுவரில் கட்டிக் கிடக்கிறது. டீ கொட்டியதால் தனியாக ஒரு கீபோர்டு. திரை கோடு கோடாகப் போனதால் தனியாக ஒரு மானிட்டர். மேஜையை விட்டு அது நகர்ந்து பல வருஷமாகிறது. ஆனாலும் லேப்டாப்பின் சௌகரியத்தைப் பற்றி அவர் பேசிக் கேட்க வேண்டும்.

இவர் கையில்தான் எதிர்வீட்டுத் தித்தாஸ் மாட்டினாள். கல்லூரித் தெருவில் ஒரு பதிப்பகம், பள்ளிப் புத்தகங்களுக்கு வீட்டிலிருந்தே பக்கம் அமைத்துக் கொடுக்கும் வேலையை அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தது. சொந்தமாகக் கம்ப்யூட்டர் வேண்டும். லட்சுமி பூஜை முடிந்த திங்கட்கிழமை வேலையைத் தொடங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பெண் தயாராக நிற்கிறாள். பகலில் அந்த வேலை, மிச்ச நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் தபால்வழி எம்.ஏ. படிப்பு என்று கனவு கண்டுகொண்டிருந்தவள், வாய் சும்மா இருக்காமல் அதை நிருபம் பாபு காதுபடச் சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலமே எங்கள் சந்து கிளப்பில், வாதத்துக்கு இடம் வேண்டி, கேரம் போர்டைச் சுவரில் சாய்த்தார்கள். எங்கள் ஊரில் எந்த விஷயமும் இரண்டாகப் பிளக்காமல் ஜீரணமாகாது. சாப்பாட்டில்கூட ஹில்சா மீன் உசத்தியா, இறால் உசத்தியா என்று பரம்பரையாக இரண்டு கட்சி. ஹில்சா மீன் கட்சி லேப்டாப் பக்கம் போனது. ஆகவே இறால் கட்சி, கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்கள் உள்பட, டெஸ்க்டாப் பக்கம் நின்றது. தூக்கிக்கொண்டு போகலாமே என்றது ஒரு கட்சி. எங்கே போகப்போகிறாள், கட்டிலுக்கும் ஜன்னலுக்குமா என்றது மறுகட்சி. சந்தில் முழங்கால் வெள்ளம் வந்தால் கீழ்வீட்டில் டெஸ்க்டாப் என்ன ஆகும்? மேஜைமேல் இருப்பதை வெள்ளம் என்ன செய்யும்? பொரி தீர்ந்தது, வெங்காய பஜ்ஜி தீர்ந்தது, வழக்கு தீரவில்லை. தித்தாஸ் ஏதோ சொல்ல வந்தபோது, பெரியவர்கள் உனக்காகத்தானே பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அவளை அடக்கினார்கள். எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. ஆனால் நானும் ஹில்சாக்காரன். லேப்டாப்புக்குக் கை தூக்கினேன்.

ஒருவழியாக ஒருநாள் நிருபம் பாபு அவளைக் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சாந்தினி மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார். கூட நானும் போனேன். கடைக்காரர் அசித் போத்தார். தித்தாஸ் ஒன்றைக் காட்டி, இது போதும் என்றாள். போத்தாரும் பெட்டியை எடுக்கக் கையை நீட்டினார்.

"ஒரு நிமிஷம். இது இவளுக்குச் சரிப்படாது" என்றார் நிருபம் பாபு.

போத்தாரும் கல்கத்தாக்காரர் அல்லவா? விற்பதா, வாதத்தில் ஜெயிப்பதா என்று வந்தால் எதை விடுவார்? நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "நீங்க சொல்றது தப்புண்ணா" என்று முக்காலியை இழுத்துப் போட்டார். டீ வந்தது. மறுபடியும் டீ வந்தது. சாமான் வாங்க வந்தவர்களில் சிலர் கட்சி சேர்ந்தார்கள், மற்றவர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். ஷட்டரை இறக்கும்போது தித்தாஸ் கையில் இருந்தது மவுஸ் வைக்கும் அட்டை ஒன்றுதான். அதுவும் போத்தார் பிரியமாகக் கொடுத்தது.

கூத்து அதோடு நின்றதா? விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காகச் சனிக்கிழமைதோறும் போத்தார் கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, கையில் சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு எங்கள் கிளப்புக்கே வர ஆரம்பித்தார். துர்க்கை வந்தாள், கரைந்தும் போனாள். லட்சுமி பூஜையும் முடிந்தது. இவர்கள் இன்னும் கழுத்து வலியைத் தாண்டவில்லை.

திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை தித்தாஸ் கிளப் வாசலில் வந்து நின்றாள். அவள் வாய்க்கு நிருபம் பாபு காக்கு, சித்தப்பா முறை. "காக்கு, நாளன்னிக்கு வேலை ஆரம்பிக்கணும். இன்னிக்காவது ஒண்ணைச் சொல்லிடுங்க."

"வேலை எங்கம்மா ஓடிப்போகுது? தப்பானதை வாங்கிட்டா ஆயுசுக்கும் அழணும்" என்றார் நிருபம் பாபு. போத்தார் உருக்கமாகத் தலையாட்டினார்.

தித்தாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் போத்தாரையே பார்த்தாள். மனுஷன் இங்கே இருக்கிறார். அப்படியானால் கடையில்? விறுவிறு என்று மெட்ரோவை நோக்கி நடந்தாள். வாதச் சூட்டில் யாரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் பின்னாலேயே ஓடினேன்.

கடையில் திருமதி போத்தார் இருந்தார். என்ன வேலை, என்ன படிப்பு, வீட்டில் எந்த இடத்தில் வைப்பாய் என்று கேட்டார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு தித்தாஸ் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார் பாருங்கள், எனக்கு அந்த அம்மாள் காலில் விழலாம் போலிருந்தது. இத்தனை வாரத்தில் அவளைப் பேசவிட்ட ஒரே ஆத்மா. டீ ஆறுவதற்குள் வியாபாரம் முடிந்தது. பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன்.

"சனிக்கிழமைதான்மா இந்தக் கடையில நாலு சாமான் விக்குது" என்றார் அவர். "உனக்குப் புண்ணியமாப் போகட்டும், வாங்கிட்டேன்னு மட்டும் அங்க சொல்லிடாதே."

தித்தாஸ் சொல்லவில்லை. திங்கட்கிழமை வேலையைத் தொடங்கினாள், முதல் புத்தகத்தை முடித்துக் கொடுத்தும்விட்டாள். சனிக்கிழமைகளில் நிருபம் பாபு, "அவசரப்படாதே மா, கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துட்டோம்" என்கிறார். அவளும் சமர்த்தாக, "சரி காக்கு" என்கிறாள்.

போகட்டும், அவள் வாங்கியது லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவள் எதை வாங்கியிருக்க வேண்டும் என்று உங்கள் மனசுக்குள் இதற்குள் ஒரு தீர்ப்பு தயாராகியிருக்குமே? அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று உதடு துடிக்குமே? சொன்னால் விடுவீர்களா? அதனால் சொல்வதாக இல்லை. ஒன்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாராவது, என்ன வாங்கப் போகிறோம் என்று சொல்லாமல், "சும்மா கடைத்தெரு வரைக்கும்" என்று நழுவினால், அவர்கள் ஒளிந்துபோவது உங்களிடமிருந்துதான்.