பின்சீட்டில் என்ஜின்

திருப்பூர் மங்கலம் ரோட்டில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் மாரப்பனுக்கு அவசரமாக ஓர் எலெக்ட்ரிக் கார் தேவைப்பட்டது. ஏறிப் போவதற்கல்ல. வெளிநாட்டு ஆர்டர் பிடித்துக் கொடுக்கும் அனுப்ரியா மேடம், புகை விடாத வாகனம் இல்லாத கம்பெனிக்கு இனி ஒரு ஜட்டி ஆர்டர்கூடக் கிடையாது என்று மெயில் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை நேரில் வருகிறார். ஆர்டர் போனால் இருபது மிஷினையும் துணி போட்டு மூடிவிட வேண்டியதுதான்.

புதுக் கார் வாங்க வக்கில்லை. இருபத்தாறு வயதான பழைய காரையே மாற்றுவது என்று தீர்மானமாயிற்று. திருப்பூரில் எந்தக் காரியத்தையும் ஒருவரே முழுசாகச் செய்வது பாவம். கட்டிங் ஓரிடம், தையல் ஓரிடம், அயர்ன் ஓரிடம். காரும் அப்படியே ஜாப் ஒர்க்குக்குப் போனது. மோட்டார் ஒரு பட்டறை, ஒயரிங் ஒரு பட்டறை, யு.பி.எஸ். கடையில் கழித்துப் போட்ட பேட்டரிகள். அத்தனையையும் சேர்த்து முடுக்கியவர் டெய்லர் ராக்கையா. கம்பெனியில் மிஷின் ரிப்பேரும் அவர்தான். கடைசியில் செக்கிங் பூவாத்தாள் வந்து, பனியனுக்கு ஒட்டுவது போலவே பழுதுள்ள இடத்திலெல்லாம் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டினாள். ஒட்டி முடித்தபோது காரின் நிறமே தெரியவில்லை. ஆனால் ஓடியது! காம்பவுண்டை இரண்டு சுற்றுச் சுற்றியதும் மாரப்பன் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார்.

வியாழக்கிழமை, ஆர்.டி.ஓ. ஆபீசில் வாகன உருமாற்றச் சான்றளிப்பு உட்பிரிவு. அதிகாரி பானெட்டைத் திறந்தார்.

"என்ஜின் எங்க?"

"கழட்டிட்டமுங்க," என்றார் மாரப்பன். "இது கரண்ட்ல ஓடுதுங்க."

"எதுல வேணா ஓடட்டும். ஆர்.சி. புக்குல என்ஜின் நம்பர் இருக்கே, அதை நான் எதுல பார்க்கறது?"

"ஏனுங்க, என்ஜின் இருந்தா அது பெட்ரோல் காருங்களே?"

"அது ஓடணும்னு விதியில இல்ல. இருக்கணும்னுதான் இருக்கு."

விதி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது வாதாடுவது மரியாதையல்ல. ராக்கையா பழைய இரும்புக் கடைக்கு ஓடி, விற்ற என்ஜினையே திரும்பக் கொண்டுவந்து பின்சீட்டில் உட்கார வைத்தார். சாய்ந்துவிடாமல் சீட் பெல்ட்டும் போட்டார். மேற்படி வாகனம் மேற்படி என்ஜினுடன் மேற்படி என்ஜின் இன்றி இயங்குவதாக அதிகாரி சான்று வழங்கினார். என்ஜினை இறக்கினால் சான்று செல்லாது என்று அடியில் சிவப்பு மையில் எழுதினார்.

அந்தக் கனத்துக்குப் பேட்டரி திரும்பும்போது பாதி வழியிலேயே கையை விரித்துவிட்டது. என்ஜினை இறக்கவும் வழியில்லை. வெள்ளிக்கிழமை காலை அனுப்ரியா கேட்டில் நிற்க, மாரப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்க, ராக்கையாவும் ஐந்து டெய்லர்களும் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அனுப்ரியா குனிந்து பார்த்தார். புகையில்லை, சத்தமில்லை.

"ஒரு நாளைக்கு எவ்வளவு கரண்ட் இழுக்கும்?"

"சுத்தமா இல்லீங்க."

"கரண்ட்கூட இல்லையா! உலகத்துலயே இதுதான் முதல் தடவை சார்!" நூற்றுக்கு நூறு போட்டார். ஒரே ஒரு சந்தேகம்தான். "தள்ளுறவங்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டுதானே?"

"உண்டுங்க," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் மாரப்பன். சொன்ன பாவத்துக்கு அன்றே ஆறு பேரையும் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. தைப்பதற்காகப் பதினோரு வருஷம் கேட்டும் கிடைக்காதது, தள்ளியதற்காக ராக்கையாவுக்கு ஒரே நாளில் கிடைத்தது.

செய்தி பனியன் மார்க்கெட்டான காதர்பேட்டை வரை பரவியது. ஓடுகிற கார்களையெல்லாம் ஆஃப் செய்துவிட்டுத் தள்ளுவது நாகரிகமாயிற்று. 'கார் தள்ள ஆட்கள் தேவை, எட்டு மணி நேரம் மட்டும், பி.எஃப். உண்டு' என்று சுவருக்குச் சுவர் போஸ்டர். ஊரிலுள்ள டெய்லர்கள் அத்தனை பேரும் இப்போது ரோட்டில்தான் இருக்கிறார்கள்.

இருபதாயிரம் பீஸ் ஆர்டர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் மாரப்பனே மிஷினில் குனிந்து தைக்கிறார். நேற்று ராக்கையாவிடம் கெஞ்சியும் பார்த்தார்.

"ஒரு மணி நேரம் வந்து தெச்சுக் குடு சாமி."

"என்ன மொதலாளி இப்பிடிக் கேக்குறீக?" என்றார் ராக்கையா. "பி.எஃப். இல்லாத வேலைக்கு மனுசன் வருவானா?"