இரண்டு நாட்டுக்கும் ஒரே மெட்டு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் மகளும் நலம். அங்கு தங்கள் முழங்கால் வலியும் அத்தையின் கோபமும் தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

“தூதரகத்துல கச்சேரி வைக்கிறதெல்லாம் ஒரு உத்தியோகமா?” என்று பெண் கேட்டு வந்த அன்றே கேட்டீர்கள். இப்போது பதில் சொல்கிறேன். நம் நாட்டுக்கும் இந்நாட்டுக்கும் நடுவே உள்ள பாலம் வருடக்கணக்காக மூடிக்கிடக்கிறதல்லவா, அதைத் திறக்கும் பேச்சு முட்டுச்சந்தில் நின்றுவிட்டது, சமாதானத்துக்காக இந்நாட்டு மந்திரியை எங்கள் தூதர் விருந்துக்கு அழைத்தார், நான் ஏற்பாடு செய்த வயலின்காரர்கள் வந்துவிட்டார்கள், வயலின்கள் மட்டும் சுங்கத்தில் மாட்டிக்கொண்டன, மேசையில் யாரும் யாரோடும் பேசவில்லை, கரண்டிச் சத்தம்தான். தூதர் என் காதில், “ஏதாவது பண்ணுய்யா, மானம் போகுது” என்றார். வேறு வழி? நானே மைக்கைப் பிடித்து நம் ஊரில் பட்டிதொட்டியெல்லாம் ஒலிக்கும் அந்த ஆட்டப்பாட்டை எடுத்துவிட்டேன்.

பல்லவி முடியவில்லை, மந்திரி கையை உயர்த்தினார். “நிறுத்துங்க. இது எங்க நாட்டுப் பாட்டாச்சே! மெட்டைத் திருடிட்டீங்களா?”

தூதர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் என் வாய் முந்திக்கொண்டது. “ஐயா, பிடிச்சதாலதானே எடுத்தோம்? பிடிக்காதவங்க பாட்டை யாராவது முணுமுணுப்பாங்களா?”

மந்திரி என்னை முறைத்தார். பிறகு குபீரென்று சிரித்தார். “சரணத்தைக் கெடுத்து வச்சிருக்கீங்க. கொண்டாங்க இப்படி!” என்று மைக்கைப் பிடுங்கிப் பாடினார் பாருங்க மாமா, அவர் செயலாளர் மேசையில தாளம் போட, நம்ம தூதர் கை தட்டுறேன்னு தாளத்தையே குழப்ப, ஐஸ்கிரீம் உருகுறதுக்குள்ள பாலம் திறக்க சம்மதம்! மறுநாள் பாலத்தில் அக்கா தங்கை இருவர் கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்தபோது எனக்கும் கண் கலங்கியது. தங்கள் மகள்கூட, “பரவாயில்லையே நீங்க” என்றாள். பாராட்டில் அவள் தங்களைப் போலவே சிக்கனம்.

அத்தைக்கு என் வணக்கம். இனி உறவினர்களிடம் என் வேலையைத் தாங்கள் தலைநிமிர்ந்தே சொல்லலாம்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் தொலைபேசி வந்தது. மந்திரி பாடிய வீடியோ வெளியாகி, மெட்டு முதலில் யாருடையது என்று இரண்டு நாடாளுமன்றத்திலும் ரகளையாம். பாலத்தை மறுபடி மூடிவிட்டார்கள். எங்களை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள். தங்கள் மாடி அறை காலியாகத்தானே இருக்கிறது?