கொப்பில் தொங்கிய தண்டுலேனா

மாத்தளையில் மனிதனாகப் பிறந்ததற்காக மனம் நொந்துகொண்ட ஒரே ஆள் எங்கள் தண்டுலேனாதான். வால் இல்லாத குறையை அவரைப்போல் வேறு யாரும் அனுபவித்திருக்க முடியாது.

தண்டுலேனா என்பது மலையணிலுக்குச் சிங்களப் பெயர்; அவருக்கு நாங்கள் வைத்த பட்டம். மிளகும் கிராம்பும் வாங்கி அனுப்பும் எங்கள் கந்தோரில் அவருக்கு என் எதிர் மேசை. சன்னலுக்கு வெளியே பலாமரத்தில் ஒரு மலையணில் வந்தால் போதும், கணினியை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

"அந்த வால் இல்லாட்டி அது கொப்பு தாவுறப்ப விழுந்துரும். வால்தான் அதுக்குத் தராசு!"

சொல்வதோடு நிற்கமாட்டார். முதுகுக்குப் பின்னால் குடையை நீட்டிக்கொண்டு நாற்காலிக் கைப்பிடியில் ஏறி நின்று காட்டுவார். மிளகு விற்க வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

ஒருநாள் நாவுல போகும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் நின்றபடி தொடங்கினார். "மந்திக்குப் பெருவிரல் பேருக்குத்தான். மத்த நாலு விரலையும் கொக்கி மாதிரி வளைச்சே தொங்கும்." பெருவிரலை மடக்கிக் கம்பியைப் பிடித்துக் காட்டினார். டிரைவர் பிரேக் போட்டார். கொக்கி கழன்றது. முன்சீட்டில் இருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவரின் மடியில் போய் உட்கார்ந்தார்.

"யா அல்லாஹ்! தம்பி, இது கொப்பு இல்ல, என்ட மடி!"

பஸ்ஸே சிரித்தது. நான் அடுத்த ஹோல்ட்டில் இறங்கி நடந்தேன்.

இந்த மனுஷன்தான், உக்குவளையில் எங்கள் வீட்டுக்கு என் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்த வேனிலிருந்தும் இறங்கினார். நான் அழைக்கவில்லை. வேன்காரர் அவருக்குக் கூட்டாளியாம். "முன்சீட்டு சும்மாதான் கெடந்துச்சு" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா கைப்பையை விறாந்தையில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். அவ்வளவுதான். ஊரே திட்டும் செங்குரங்கு ஒன்று பாய்ந்து வந்து, பையைத் தூக்கிக்கொண்டு மாமரத்தில் ஏறிவிட்டது.

"ஐயோ, என் பிரஷர் குளிசை எல்லாம் அதுலதான் இருக்கு!"

மற்றவர்கள் அசைவதற்குள் தண்டுலேனா சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாதி மரம் ஏறியிருந்தார். அங்கேயும் வாய் ஓயவில்லை. "பாருங்க, அதுக்குக் கால் பெருவிரலும் கைவிரல் மாதிரி தனியா பிரிஞ்சு நிக்கும்! நாலு கை இருக்கிற மாதிரி!" குரங்கு மெல்லிய கொப்பின் நுனிக்கு நகர்ந்தது. "அதுக்குப் பாரம் கொறவு, மெல்லிசுக் கொப்பும் தாங்கும்!" என்று விளக்கியவர், தானும் அதே கொப்பில் கால் வைத்தார்.

கொப்பு கீழே வந்தது. அவர் வரவில்லை. காற்சட்டையின் பின்பக்கம் ஏதோ ஒரு கிளையில் மாட்டிக் கிழிந்துபோக, இன்னொரு கொப்பில் வயிற்றால் படுத்துத் தொங்கினார். மிரண்ட குரங்கு பையைக் கீழே போட்டுவிட்டு ஓடியது. அந்தப் பையை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் மேலே பார்த்தார்கள். பார்க்கக்கூடாததையும் பார்த்தார்கள்.

"தெரிஞ்சவரா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா.

என் காது இரண்டும் சுட்டன. "ஒரே கந்தோருங்க" என்றேன்.

அப்போது தங்கச்சி பட்டுச்சேலையோடு ஏணியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"எறங்குங்க!"

"எப்படின்னுதான் பாக்குறேன். தண்டுலேனாவுக்குப் பின்னங்கால் பாதம் பின்பக்கமா திரும்பும், தலைகீழாவே எறங்கிரும். எனக்குத் திரும்ப மாட்டேங்குது."

"அப்ப மனுஷன் மாதிரியே எறங்குங்க!"

இறங்கினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு துவாயை நீட்டினாள். அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க" என்று நிலத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தே போனார்.

மாப்பிள்ளை வீட்டார் "அறிவிக்கிறோம்" என்றார்கள். அறிவிக்கவில்லை. கடைக்குப் போனால் "கொப்புல தொங்கினவர் சுகமா?" என்று விசாரிக்கிறார்கள் என்பதால் அம்மா கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

கந்தோரில் தண்டுலேனா சன்னல் பக்கம் திரும்புவதே இல்லை. ஒருநாள் மலையணில் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. "அங்க பாருங்க" என்றேன். "வேல இருக்கு" என்றார், கணினியிலிருந்து கண்ணெடுக்காமல். இவ்வளவு காலம் அவரால் எனக்கு வெட்கம். அன்றைக்கு, "ஒரே கந்தோருங்க" என்று கைகழுவிய என்னை நினைத்தே வெட்கமாக இருந்தது.

வீட்டில் தங்கச்சியிடம் சொன்னேன். "ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாங்கண்ணா" என்றாள். "நம்ம துவாயையும் கொண்டுவரச் சொல்லுங்க."

வந்தார். துவைத்து மடித்த துவாயை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தேத்தண்ணியை வைத்துவிட்டுத் தங்கச்சி கேட்டாள்: "தேவாங்குக்கு ஏன் கண்ணு அவ்வளவு பெருசு?"

அவர் அனுமதி கேட்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்க" என்றேன்.

"இருட்டுல பூச்சி புடிக்கணும்ல..." என்று மெல்லத் தொடங்கினார். தேவாங்கின் பிடி எவ்வளவு இறுக்கம் என்று காட்ட அவர் மேசைக்காலைக் கட்டிப்பிடித்தபோது தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அம்மாகூடச் சிரித்துவிட்டார்.

இப்போது அவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. அவரோடு வெளியில் போக எனக்கு இன்னும் வெட்கம்தான். ஆனால், அவர் இல்லாமல் நாங்கள் எங்கும் போவதில்லை.