சம்பந்தி வீட்டுக்கு அனுப்ப வேண்டிய அடுப்பு

ஆம்பூர்,
9 ஆகஸ்டு 1934

கண்ணியம் மிகுந்த சம்பந்தி ஜனாப் ஹயாத் பாஷா சாகிப் சமூகத்துக்கு, ஆம்பூர் தோல் மண்டியில் தரம் பிரிக்கும் ஆபித் பாஷா ஸலாமுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவன் கிருபையால் இங்கே நானும், என் வீட்டார் சுகரா பேகமும், தங்கள் மருமகள் ஜஹீருன்னிசாவும், ஐந்து மாதத்துப் பேத்தி ரஃபத் ஜஹானும் சுகம். என் தாடியின் வலது பாதி மட்டும் சுகமில்லை. அது கருகிவிட்டது. வேறு யாராவது ரயிலேறி வாணியம்பாடிக்கு வந்து தங்களிடம் சொல்லிச் சிரிப்பதற்குள் நானே சொல்லிவிடுவது மரியாதை என்று முதலிலேயே எழுதிவிட்டேன். மண்டியில் கூலியாட்கள், "சுண்ணாம்புக் குழியில போடாமலே பாய்க்கு ஒரு பக்கம் மயிரு உதிர்ந்துபோச்சு" என்று தோலைப் பற்றிப் பேசுவது போலவே பேசுகிறார்கள். தங்களுக்கு உருதுவில் எழுதுவதுதான் முறை. ஆனால் போன தடவை நான் உருதுவில் எழுதியதைப் பார்த்து, "இது கடுதாசியா, மசியில விழுந்து எழுந்த எறும்பா?" என்று தாங்கள் கேட்டதாக மாப்பிள்ளை சொன்னார். ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் வாத்தியாரிடம் அடி வாங்கியவன் நான். அடி வாங்கிய பாஷைதான் கைக்கு வருகிறது.

தங்கள் கார்டுகள் மூன்றும் வந்து சேர்ந்தன. முதல் கார்டில், "நாற்பது நாள் முடிந்ததே, மருமகளையும் குழந்தையையும் எப்போது அனுப்புகிறீர்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாவதில், "நூறு நாள் முடிந்ததே" என்றிருந்தீர்கள். மூன்றாவதில் கேள்வியே இல்லை, ஸலாமும் கையெழுத்தும் மட்டும். சுகரா பேகம் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கோவத்துல ஒண்ணாம் தரம்" என்றாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணை நாற்பதாம் நாள் குளிப்பாட்டி, சீரோடு புருஷன் வீட்டுக்கு அனுப்புவது நம் வழக்கம் என்பது எனக்கும் தெரியும். தாமதத்துக்குக் காரணம் நான் அல்ல, அடுப்பு. அதை விவரமாகச் சொன்னால் தாங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

குழந்தைக்குப் பேர் வைத்த அன்று தங்கள் வீட்டார் முனவ்வர் பேகம் எங்கள் சமையல்கட்டில், திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று, "சீருக்கு இன்னது வேணும்னு வாய் தொறந்து சொல்லுங்கம்மா" என்று கேட்டேன். "ஒண்ணும் வேணாம் அண்ணே" என்றார்கள். மறுபடி கேட்டேன். "அல்லா குடுத்தது இருக்கு, ஒண்ணும் வேணாம்" என்றார்கள். பெண்ணைப் பெற்றவன் இரண்டு தடவையோடு விட்டால் ஊர் என்ன சொல்லும்? மூன்றாம் தடவையும் கேட்டேன். திரைக்குப் பின்னால் வளையல் குலுங்கியது. பிறகு, "அப்ப ஒரு நல்ல அடுப்பு குடுத்துவுடுங்க" என்றார்கள். சொல்லிவிட்டு ஜட்கா ஏறிப் போய்விட்டார்கள். நான் அந்த 'நல்ல' என்ற வார்த்தையோடு இங்கே மாட்டிக்கொண்டேன். மண்டியில் ஒண்ணு உண்டு, ரெண்டு உண்டு, மூணு உண்டு, கழிசல் உண்டு. 'நல்ல' என்று ஒரு தரம் கிடையாது. இருந்தாலும் முப்பது வருஷமாகத் தோலை விரலில் மடித்து, வெளிச்சத்தில் திருப்பி, உண்ணிக் கடி, கத்தி வெட்டு எல்லாம் பார்த்து, மத்தியானத் தொழுகைக்குள் முன்னூறு தோல் பிரித்துப் போடுகிற கை இது. ஓர் அடுப்பு எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

முதலில் எங்கள் வீட்டு மண் அடுப்பு மாதிரியே புதிதாய் ஒன்று போட்டு அனுப்பலாமா என்று பார்த்தேன். நாங்கள் எரிப்பது மண்டியில் தோல் ஊறி முடிந்த ஆவாரம்பட்டைச் சக்கை. காய வைத்தால் சும்மா கிடைக்கிற விறகு. ஆனால் புகை ஜாஸ்தி. நான் சமையல்கட்டுக்குள் போய் ஒரு நாழிகை உட்கார்ந்து பரீட்சை பண்ணினேன். கண்ணில் தண்ணீர் கொட்டி வெளியே ஓடிவந்து, "சே, இந்தப் புகையில சம்பந்தியம்மா எப்டி சமைப்பாங்க? பாவம்" என்றேன். சுகரா பேகம் ஊதாங்குழலைக் கீழே வைத்தாள். "இருபத்திரெண்டு வருஷமா இதுல நான் ஊதுறேன். அப்பல்லாம் வராத புகை, சம்பந்தியம்மாவுக்குன்னா வந்துடுச்சா?" என்றாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மண் அடுப்பு கழிசலில் போயிற்று.

அடுத்தது மரத்தூள் அடுப்பு. தகர டப்பாவில் நடுவே ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இறுக்கிக் கட்டையை உருவினால், புகையில்லாமல் அரை நாள் நின்று எரியும் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். அவர் சொன்னது மரத்தூள். நான் இறுக்கியது பட்டைச்சக்கைத் தூள். மண்டியில் மலை மாதிரிக் குவிந்து கிடப்பதை விட்டுவிட்டு மரவாடிக்குப் போய் நிற்பானேன் என்று புத்தி சொன்னது. மேலே புலாவ் ஏற்றினோம். அது எரியவில்லை சாகிப், யோசித்தது. ஒரு மணி நேரம் யோசித்துவிட்டுப் புகைய ஆரம்பித்ததே பார்க்கவேண்டும், எங்கள் தெருவுக்கே பகலில் சூரியன் இல்லை. தோல் கிடங்குதான் தீப்பிடித்துவிட்டது என்று எதிர்த்தெரு ஜனங்கள் குடம் குடமாகத் தண்ணீரோடு ஓடிவந்தார்கள். வந்தவர்கள் 'எங்கே நெருப்பு' என்றுகூடக் கேட்கவில்லை. டப்பா, புலாவ், நான், எல்லார் மேலும் சமமாக ஊற்றினார்கள். மிஞ்சிய கறியை நான் வாயில் போட்டு மென்று பார்த்தேன். முப்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், அது வேகவில்லை, நன்றாகப் பதனிடப்பட்டிருந்தது. அந்த டப்பாவை இப்போது கோழி வைத்துக்கொண்டிருக்கிறது.

பிறகு வேலூர் பஜாரிலிருந்து இரும்புக் கரி அடுப்பு ஒன்று கொண்டுவந்தேன். எரிந்தது, புகையும் கம்மி. ஆனால் விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். ஜஹீருன்னிசா இடுப்பில் குழந்தையோடு நின்று, "ஒரு கையில பாப்பா, ஒரு கையில கரண்டி. விசிறிய வாயிலயா கடிச்சிக்கட்டும் அப்பா?" என்று கேட்டாள். அன்று முழுக்க நானே விசிறினேன். சாம்பல் பூசின கோலத்தில் அப்படியே மண்டிக்குப் போனதில், ஆபித் பாஷா வீட்டில் சமையல் இப்போது ஆபித் பாஷாதான் என்று ஊரில் பேச்சு. அடுப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு காலில் நகக்கண் அளவு துரு. "கழிசல்" என்றேன். சுகரா பேகம் விடவில்லை. "ஒரு கால்ல துருன்னா கழிசலா? உங்க காலு ரெண்டுலயும் பித்தவெடிப்பு. எங்கப்பா உங்கள இன்னா தரம்னு பிரிச்சி எடுத்தாரு?" என்றாள். ஜஹீருன்னிசா சிரித்தாள், அவள் சிரித்ததைப் பார்த்துக் குழந்தையும் சிரித்தது. வீட்டில் மூன்று பெண்கள் இருந்தால் ஆண்பிள்ளை தரம் பிரிப்பது எவ்வளவு சிரமம் என்பது தங்களுக்குத் தெரியாதது அல்ல.

இந்த நிலைமையில்தான் குடியாத்தம் நந்தகோபால் வந்து சேர்ந்தார். ரயிலில் லுங்கி விற்றவர். இப்போது மெட்ராஸிலிருந்து பம்பு ஸ்டவ் வரவழைத்து விற்கிறார். "பாய், நீங்க தோலக் கப்பல்ல ஏத்தி சீமைக்கு அனுப்பறீங்க, சீமைக்காரன் அடுப்ப அனுப்பறான். கணக்கு சரியாப் போச்சு, இன்னா யோசன?" என்று பளபளவென்று ஒரு பித்தளைச் சாமானைக் கூடத்தில் வைத்தார். மண்ணெண்ணெய் ஊற்றி, பம்பு அடித்து, பற்ற வைத்தார். புஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம் சாகிப், மலைமேல் காற்றடிப்பது போல. நீல நிறத்தில் பூ மாதிரி நெருப்பு. காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த ரஃபத் ஜஹான் அந்தச் சத்தத்தைக் கேட்டு வாயை மூடினாள், கண்ணையும் மூடினாள், ஜஹீருன்னிசாவின் தோளிலேயே தூங்கிவிட்டாள். நிறுத்தினால் விழிக்கிறாள், மூட்டினால் தூங்குகிறாள். நந்தகோபால், "தாலாட்டும் பாடுதுன்னு இனிமே கூவி விக்கலாம் போல இருக்குதே" என்று சந்தோஷப்பட்டார். சுகரா பேகம் தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டு, "இதான் அடுப்பு. கண்ணு எரியல, கை வலிக்கல. பேசாம கட்டிவெச்சி, வர்ற வியாழக்கெழம புள்ளைங்கள அனுப்பிடுங்க" என்று தீர்ப்புச் சொன்னாள். ஜஹீருன்னிசாவும் அன்றே துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சாமானை சம்பந்தி வீட்டுக்கு அனுப்புகிறவன் நான் அல்ல. அன்று சாயங்காலமே பம்பைத் திருகிக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே என்ன இருந்தது என்று நினைக்கிறீர்கள்? கம்பியின் முனையில் தொப்பி மாதிரி ஒரு வாஷர். தோல் வாஷர்! காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதே அந்தத் துண்டுத் தோல்தான். அதை விரலில் மடித்தேன், வெளிச்சத்தில் திருப்பினேன். "கழிசல்!" என்று கத்தினேன். இந்த மாதிரித் தோலை நான் செருப்பு தைக்கிறவனுக்குக்கூடத் தள்ளமாட்டேன், இதைப் போய் சம்பந்தி வீட்டு அடுப்புக்குள் வைத்து அனுப்பினால் முப்பது வருஷப் பேர் என்ன ஆவது? வியாழக்கிழமைப் பயணத்தை நிறுத்திவைத்தேன். மண்டியில் முதல் தரத் தோலாகப் பார்த்து, தடியாக, கெட்டியாக ஒரு வாஷர் நானே வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து மாட்டினேன். நான் வெட்டினது அடுப்புக்கு ஜாஸ்தியான வாஷராகப் போய்விட்டது. பழைய வாஷர் முப்பது அடியில் தள்ளுகிற காற்றை இது பத்து அடியில் தள்ளியிருக்கிறது. நான் முப்பது அடி அடித்துவிட்டு, சத்தம் சரியாக வருகிறதா என்று குனிந்து காதைக் கொடுத்தேன். நெருப்பு உத்திரம் வரை எழும்பிப் போய், திரும்பி வருகிற வழியில் என் தாடியைப் பார்த்துவிட்டது. சுகரா பேகம் கோணிச் சாக்கை நனைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அடுப்பின்மேல் போட வேண்டியதை என் தலைமேல் போட்டு அமுக்கினாள். சாக்குக்குள்ளிருந்து நான், "அடுப்பு! அடுப்பு!" என்று கத்துகிறேன். அவள், "அத அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல பேஜார் புடிச்ச மனுஷன் அணையட்டும்" என்கிறாள்.

ஆகவே சம்பந்தி சாகிப், தாங்கள் பெரிய மனது பண்ணி இன்னும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். மூன்று திரி வைத்த ஸ்டவ் ஒன்று வந்திருப்பதாகக் கேள்வி, அதையும் பார்த்துவிடுகிறேன். அதற்குள் தாடியும் சமமாகிவிட்டால் நானே கூட வந்து கொண்டுவிடுவேன். அரைகுறை அடுப்போடு பெண்ணை அனுப்பினான் என்ற சொல் எனக்கு வேண்டாம். மாப்பிள்ளை முனீர் அகமதுக்கு என் அன்பும் துஆவும். முனவ்வர் பேகத்துக்கு, திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே ஸலாம். தங்கள் வீட்டு உலை என்றும் கொதித்துக்கொண்டே இருக்கவும், அதைச் சுற்றிப் பந்தி நிறைய ஜனம் உட்காரவும் ஆண்டவன் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்குப் பாத்திரமான,
ஆபித் பாஷா

பின்குறிப்பு: மேலே கண்டதைக் கவரில் போட்டு, பசை காய்வதற்குள் தங்கள் மகன் முனீர் அகமது வாசலில் ஜட்காவில் வந்து இறங்கிவிட்டார். "மாமா, அடுப்பு கேட்டா நாங்க பொண்டாட்டி புள்ளய அஞ்சு மாசம் பாக்காம கெடக்கணுமா?" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "எங்கம்மாவுக்கு அடுப்பே வேணாம் மாமா. நீங்க மூணு தபா கேட்டீங்களாம். ஒண்ணும் வேணாம்னா கோச்சிக்குவீங்கன்னு, திரைக்கு அந்தாண்ட கண்ணுல பட்டத சொல்லிவெச்சாங்க. இதே பம்பு ஸ்டவ்வு, இவ இங்க வந்த கையோட வாங்கி, எங்க வீட்ல ஆறு மாசமா எரியுது" என்றார். ஸ்டவ்வை வேண்டவே வேண்டாம் என்று வைத்துவிட்டு, மத்தியான வண்டிக்கு இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். இந்தக் கடிதம் சேருமுன் அவர்கள் தங்களிடம் சேர்ந்திருப்பார்கள். எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன். குழந்தை தூங்காமல் படுத்தினால் தங்கள் ஸ்டவ்வை மூட்டி வையுங்கள். மேலே பாத்திரம் வேண்டியதில்லை.

ஸ்டேஷனிலிருந்து வந்து, இங்கே இருக்கிற ஸ்டவ்வில் என் வாஷரைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழையதையே மாட்டினேன். முதல் தடவையே நீலமாகப் பிடித்துக்கொண்டது. புஸ்ஸ்ஸ் என்ற சத்தம் வீடு நிறைய நின்றது. சுகரா பேகம் வந்து பார்த்து, "மேல ஒண்ணும் ஏத்தாம எதுக்கு எரியவுடறீங்க?" என்றாள். "வாஷர் பாக்குறேன்" என்றேன். "அது கழிசல்னு கத்துனீங்களே?" என்றாள். நான் பம்பை இன்னும் நாலு அடி அடித்தேன். அவளும் அதை அணைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளிடம் வாய்விட்டுச் சொல்லாததைத் தங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்: அந்தப் பழைய வாஷர் ஒண்ணாம் தரம். மடித்த அன்றே என் விரலுக்குத் தெரியும்.