கருகிய ரொட்டியும் பெரிய நாற்காலியும்

ஃபாலுன், செப்டம்பர்

அன்புள்ள சிக்ரிட் அக்காவுக்கு, தம்பி ஃபோல்கே எழுதிக்கொள்வது. இங்கு என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். உன் சுகத்தையும், அத்தானின் ஓட்டைப் படகின் சுகத்தையும் அறிய ஆவல்.

எங்கள் மொறுமொறு ரொட்டி ஆலையின் மூன்று ஊர்க் கிளைகளுக்கும் சேர்த்து ஒரே தலைவர் வரப்போகிறார், அது நான்தான் என்று போன கடிதத்தில் அளந்தேன் அல்லவா? பெரிய நாற்காலிக்கு என்னைப் பழக்க ஹெட்விக் என்று ஒரு பயிற்சியாளரை அமர்த்தினார்கள். நாலு தந்திரம் சொல்லித் தருவாள் என்று போனால், அந்த அம்மாள் எதையும் சொல்லவில்லை, கேட்கிறாள். "அடுப்பு மக்கர் பண்ணா யார் ஓடுவாங்க?" நான்தான். "லாரி வரலேன்னா?" அதற்கும் நான்தான். "மூணு ஊர்லயும் ஒரே நேரத்துல அடுப்பு மக்கர் பண்ணா?" காப்பி ஆறும்வரை யோசித்தேன் அக்கா. நல்ல முழங்கால் எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. வீட்டுப்பாடம் கொடுத்தாள்: யார் சிக்கலோடு வந்தாலும் "நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

மறுநாளே என் உதவி மேலாளர் இல்வா ஓடிவந்தாள். "ஃபோல்கே, ரொட்டி கருகுது, வா!" நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "நீ என்ன நினைக்கிறே?" என்றேன்.

"உனக்குக் கழண்டுடுச்சுன்னு நினைக்கிறேன்!"

நான் வாயைத் திறக்கவில்லை. முறைத்துவிட்டுப் போனவள், தானே அடுப்பைச் சரிசெய்துவிட்டு, முகமெல்லாம் கரியாக வந்து நின்றாள். "இது உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"தெரியாம என்ன? ஓடி வர்றதுல உனக்கு அவ்வளவு சந்தோஷம். அதை ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டோம்."

அன்றிலிருந்து இவர்களுக்கு இன்னும் என்னவெல்லாம் தெரியும் என்ற குறுகுறுப்பு என்னைத் தூங்கவிடவில்லை. காப்பி அறையில் எல்லாரையும் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் ரொட்டி அதிகம் உடைகிறது? "அன்னிக்குத்தானே காப்பியோட கேக் வருது, வேலையை முடிக்கக் கை பறக்கும்ல!" வீட்டில் மனைவியையும் விடவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன என்றாள் கெர்ஸ்டின். நீ என்ன நினைக்கிறே என்றேன். "இன்னிக்குச் சமையல் உன் முறைன்னு நினைக்கிறேன்" என்று கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டாள்.

நேற்று இயக்குநர் குழு கூப்பிட்டது. "இந்தப் பதவிக்கு நீங்க பொருத்தமா?" என்றார்கள். பழக்கதோஷம், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் தலையாட்டாமல் நம் நாட்டில் எது முடிவானது? "நல்ல கேள்வி, ஆலைக்காரங்களையும் கேட்டுடுவோம்" என்று எழுந்துவிட்டார்கள். வெளியே காத்திருந்த ஹெட்விக் கைகுலுக்கி, "நீங்க வளர்ந்துட்டீங்க" என்றாள். இனி உறையில் 'தலைவர்' என்றே எழுது.

உன் வீட்டில் ரொட்டி கருகாமலும், படகில் தண்ணீர் ஏறாமலும் இருக்கட்டும்.

பிரியமுள்ள தம்பி,
ஃபோல்கே

பி.கு.: தபால்தலை தேடியதில் ஒரு வாரம் போய்விட்டது. அதற்குள் யார் தலைவராகலாம் என்று மூன்று ஊரிலும் கேட்டுவிட்டார்கள். எல்லாரும் இல்வா என்றார்களாம். எங்கள் கூட்டத்தில் என் கையும் உயர்ந்திருந்ததை நானே பிறகுதான் கவனித்தேன். சாயங்காலம் அவள் வந்து, "பயமா இருக்கு ஃபோல்கே, நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். வேண்டாம்னு சொல்லிடு என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, "நீ என்ன நினைக்கிறே?" என்றேன். "வாராவாரம் நீ இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா சமாளிச்சுடுவேன்" என்றாள். வெள்ளிதோறும் கேக்கோடு உட்காருவதாக ஏற்பாடு. வேடிக்கையைப் பார், முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உறையில் மட்டும் பழையபடி 'மேலாளர்' என்றே எழுது.