பச்சை சீல் விழுந்த ஏழு பழக்கங்கள்

போன வியாழக்கிழமை எனக்கு இருந்த கூடுதல் வேலை ஒன்றே ஒன்றுதான். மதியம் மூன்று மணிக்குள், வேலையில் முன்னேறுவது பற்றி இணையத்தில் ஏதாவது ஒரு கட்டுரையைப் படித்துவிட வேண்டும்.

படிப்பதுதானே! அதில் என்ன தவறு நேர்ந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மணிக்கு எனக்கு உதவி மேலாளர் பதவிக்கான நேர்காணல். பதினெட்டு ஆண்டுகளில் மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் நான் விழுந்தது ஒரே கேள்வியில். எங்கள் ஜி.எம். எல்லாரிடமும் தவறாமல் கேட்கும் கேள்வி அது: "சமீபத்துல, வேலை வளர்ச்சி பத்தி என்ன படிச்சீங்க?"

முதல் முறை, "எண்ணெய் பீப்பாய் மேல் இருக்கும் எச்சரிக்கை வாசகம்" என்று உண்மையைச் சொன்னேன். இரண்டாம் முறை, "படிக்கவில்லை சார், ஆனால் நிறைய எழுதினேன்" என்றேன். அதுவும் உண்மைதான். உண்மைக்குப் பதவி கிடைக்கவில்லை.

இந்த முறையும் தேறாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுத்துவிடுவார்கள். பணியாளர் விவகாரம் பார்க்கும் பர்சனல் பிரிவிலேயே சொல்லிவிட்டார்கள்.

பொன்னேரியில் ரயில் ஏறியதுமே கைப்பேசியில் தேட ஆரம்பித்தேன். "வளர்ச்சி" என்று தட்டியவுடன் தலைமுடி எண்ணெய் வந்தது. "தொழில் வளர்ச்சி" என்று திருத்தினேன். எந்தக் கோயிலில் எத்தனை நெய்விளக்கு ஏற்ற வேண்டும் என்று ஒரு பக்கம் விளக்கியது. "வேலையில் உயர்வு" என்றேன். உயரத்தில் நின்று வேலை செய்வோருக்கான பாதுகாப்புக் கயிறு! விலையில் தள்ளுபடியும் உண்டாம்.

கவரைப்பேட்டை தாண்டும்போதுதான் அது அகப்பட்டது. "பணியில் உயர ஏழு பழக்கங்கள்." எழுதியவர் பெயர் இல்லை. தமிழும் கொஞ்சம் நொண்டித்தான் நடந்தது. ஆனாலும் கட்டுரை கட்டுரைதான். முதல் பத்தியைப் படிப்பதற்குள் தலைமுடி எண்ணெய் மறுபடி வந்து எழுத்தை மறைத்தது. மூடினேன். வந்தது. மூடினேன். கும்மிடிப்பூண்டி வந்துவிட்டது.

அலுவலகத்தில் கணினியில் திறந்து, காகிதத்தில் அச்சிட்டு, நிதானமாகப் படிப்பது என்று முடிவு செய்தேன். நல்ல முடிவு. கெட்ட நாள்.

என் வேலையைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் மேற்கொண்டு புரியும். எங்கள் தொழிற்சாலையில் வண்டிகளுக்கான தகடுகளை அழுத்தி வடிவம் கொடுக்கிறோம். எந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று தாளில் எழுதி, பச்சை சீல் குத்தி, ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் மாட்டுவோம். அதற்கு வேலைமுறைத் தாள் என்று பெயர். அதை எழுதுவதும், எண் கொடுப்பதும், காப்பதும் நான்.

விதிகளும் நான் எழுதியவையே. பச்சை சீல் இருந்தால் கேள்வி கேட்காமல் செய். சீல் இல்லாத தாளைத் தொடாதே. சீல் விழுந்த தாளைச் சத்தமாகப் படித்துக் காட்டி, எல்லாரிடமும் "புரிந்தது" என்று கையெழுத்து வாங்கு. பதினெட்டு ஆண்டுகளாக இதை ஓதி ஓதி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம் என்று நினைத்திருந்தேன்.

அன்று காலை, டை மாற்றும் முறைக்குத் திருத்திய தாள் பதினாலு பிரதி போக வேண்டியிருந்தது. டை என்றால் கழுத்தில் கட்டுவதல்ல, தகட்டை அழுத்தும் இரும்பு அச்சு. பதினாலு பிரஸ் மெஷின், பதினாலு தாள். கணினியில் "பிரதிகள்: 14" என்று போட்டுவிட்டேன். அச்சு கொடுக்கும் முன், 'முதலில் கட்டுரையைப் படித்துவிடுவோமே' என்று தோன்றியது.

எண்ணெய் விளம்பரம் இல்லாமல் படிக்க, கட்டுரையை மட்டும் எடுத்து வேறொரு தாளில் ஒட்டினேன். என் கணினியில் வெற்றுத் தாள் என்று ஒன்று கிடையாது. திறந்தாலே வேலைமுறைத் தாளின் கட்டம் போட்ட படிவம்தான் வரும். சரி, அதிலேயே ஒட்டினேன். ஒட்டியதோடு விட்டேனா? எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். பக்க எண் கொடுத்தேன். "தயாரித்தவர்" என்ற இடம் காலியாக இருந்தது கண்ணை உறுத்தியது. என் பெயரைப் போட்டேன்.

என்னால் எதையும் அரைகுறையாக விட முடியாது!

அச்சுக்குக் கொடுத்த அதே நொடியில் பர்சனலிலிருந்து அழைப்பு. "மேடம், நேர்காணலுக்கு ஒரு ஃபாரம் நிரப்பணும், வந்துட்டுப் போங்க." போனேன். திரும்பி வந்தபோது பிரிண்டரில் அச்சான தாள் எதுவும் இல்லை. அது அடிக்கடி மக்கர் செய்யும் பிரிண்டர். மறுபடி ஒரே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, இருக்கையில் சாய்ந்து படிக்கத் தொடங்கினேன்.

நடுவில் நடந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதலில் போட்ட "பிரதிகள்: 14" அப்படியே இருந்திருக்கிறது. எங்கள் ஆவண அறையில் சீல் குத்துபவர் காமாட்சி அக்கா. என்னைவிட நான்கு வயது மூத்தவர், என்னைவிட நாற்பது மடங்கு வேகம். "பதினாலு தாள் வரும்கா, சீல் குத்தி பிரஸ் பகுதி டில்லிபாபு கிட்ட குடுத்துடுங்க" என்று காலையிலேயே சொல்லியிருந்தேன். அவர் வந்தார், எண்ணினார், பதினாலு இருந்தது, குத்தினார், கொடுத்தார். எண்ணிக்கை சரியாக இருந்தால் குத்தலாம் என்பதும் நான் எழுதிய விதியே.

பதினோரு மணிக்கு பிரஸ் பகுதி திடீரென்று அமைதியானது.

அந்தப் பகுதி அமைதியாவது ஆயுத பூஜை அன்றும் மின்சாரம் போகும்போதும்தான். அண்ணாந்து பார்த்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடத்தில் மறுபடி தடதடவென்று சத்தம். நான் படிப்பைத் தொடர்ந்தேன். மூன்றாம் பழக்கம்: "ஒவ்வொரு மணி நேரமும் இரண்டு நிமிடம் வேலையை நிறுத்தி, கண்களை மூடி, ஐந்து ஆண்டுகள் கழித்து நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று கற்பனை செய்யுங்கள்."

'அருமையான யோசனை, ஆனால் இந்த ஊரில் யார் செய்யப் போகிறார்கள்' என்று பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பதினொன்றரைக்கு பிரஸ் பகுதி சூப்பர்வைசர் டில்லிபாபு போன் செய்தார்.

"மேடம், காலைல குடுத்த தாள்ல ஒரு டவுட்டு. அஞ்சாவது பாயிண்ட்டு பதினாலு பேரும் செய்யணுமா? ஒருத்தர் செஞ்சா பத்தாதா?"

டை மாற்றும் தாளை அச்சுக்கே கொடுக்கவில்லை என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. அதில் ஐந்தாவது குறிப்பு, மாற்றும்போது ஆபரேட்டர்கள் அனைவரும் உடனிருக்க வேண்டும் என்பது. மனப்பாடமாகத் தெரியும் எனக்கு.

"எல்லாரும்தான் டில்லிபாபு. அதுல என்ன சந்தேகம்?"

"எடம் பத்தாது மேடம்."

"நெருக்கி நிக்கட்டும். ஒரு ஆள் விடுபட்டாலும் என் பேருதான் கெடும்."

"அப்பால என்னிய ஏதாச்சும் சொல்லக் கூடாது."

"நான் எழுதுனதுக்கு நான் பொறுப்பு!" என்று கம்பீரமாகச் சொல்லி வைத்தேன். இந்த வாக்கியத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. டில்லிபாபு மறக்கவும் விடவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி அமைதி. பன்னிரண்டரைக்கு கேன்டீன்.

எங்கள் ஜி.எம். ஜன்னலோர மேசையில் தனியாகத்தான் சாப்பிடுவார். சுற்றியுள்ள நான்கு மேசையிலும் யாரும் உட்கார மாட்டார்கள். நான் தட்டோடு நுழைந்தபோது அந்த ஜன்னலே தெரியவில்லை. அவ்வளவு கூட்டம்! பதினாலு ஆபரேட்டர்களும் தட்டோடு அவரைச் சுற்றி. உட்கார்ந்தவர் ஏழு பேர், நின்றவர் ஏழு பேர். நடுவில் ஜி.எம்., வாய்க்குப் பாதி தூரத்தில் தயிர்சாதத்தோடு.

ஒன்பதாம் மெஷின் முனியம்மாதான் பேச்சைத் தொடங்கினார். "சார், நீங்க எப்டி சார் இம்மாம் பெரிய ஆளா ஆனீங்க? சொல்லுங்க, துன்னுகினே கேக்கறோம்."

"எதுக்குமா?"

"இன்னா சார், தெரியாத மாறி கேக்கறீங்க? ஆறாவது பாயிண்ட்டு."

"என்ன பாயிண்ட்டு?"

"சீல் வந்துக்குது சார்!" என்று பதினாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். இவ்வளவு ஒற்றுமையை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கண்டதில்லை.

முனியம்மா மடித்து வைத்திருந்த குறிப்பைப் பார்த்துப் படித்தார். "அஞ்சு, உங்களுக்கு மேல் உள்ளவரோடு மதிய உணவு அருந்துங்கள். ஆறு, அவர் உயர்ந்த கதையைக் கேளுங்கள்."

காலையில் நான் பிழை திருத்திய வரிகள்!

நான் தட்டைப் போட்டுவிட்டு பிரஸ் பகுதிக்கு ஓடினேன். ஓடினேன் என்பது மிகை. எனக்கு முழங்கால் வலி உண்டு. விரைந்தேன்.

பதினாலு மெஷின் பக்கத்திலும் பதினாலு தாள். கட்டம் போட்டு, பச்சை சீலோடு, என் பெயரோடு, நேர்த்தியாக. பிழை ஒன்றுகூட இல்லை!

டில்லிபாபு பெருமையோடு பக்கத்தில் வந்து நின்றார். "பாத்தீங்களா மேடம், சூப்பரா போய்க்கினு கீது. ஆனா நாலாவது பாயிண்ட்டுதான் பேஜாரா கீது. இன்னா வேல குடுத்தாலும் 'இதுல நான் இன்னா கத்துக்குவேன்'னு கேக்கறாங்க. ஸ்கிராப் பெட்டிய தள்ளச் சொன்னா இன்னாத்த மேடம் கத்துக்குறது?"

"முதல்ல அந்தத் தாள எல்லாம் எடுங்க!"

"எடுக்கறதா? ஃபாரம் குடுங்க."

சீல் விழுந்த தாளை அகற்ற, திரும்பப் பெறும் படிவம் வேண்டும். அதில் ஜி.எம். கையெழுத்து வேண்டும்.

"அந்த ஃபாரத்த எழுதுனதே நான்தான், டில்லிபாபு!"

"அதான் மேடம் சொல்றேன். எழுதுன நீங்களே மீறுனா, நாங்கல்லாம் இன்னா பண்ணுவோம்?"

அந்தத் தர்க்கத்தில் ஓட்டை தேடினேன். இல்லை. நான் கட்டியதாயிற்றே.

இதற்குள் சாப்பிட்டு முடித்து வந்த முனியம்மா என்னைப் பார்த்ததும் மலர்ந்தார். "மேடம், ரொம்ப தேங்ஸு. கண்ண மூடுனேன் பாருங்க, அஞ்சு வருஷம் கழிச்சி நம்ம சொந்த ஊட்டு மாடில துணி காயப்போட்டுகினு கீறேன். அதுக்குள்ள ரெண்டு நிமிசம் ஆய்டுச்சின்றாரு இவரு."

"கண்ண மூடும்போது மெஷின்..."

"ஆஃப் பண்ணிட்டுத்தான் மேடம் மூடுனோம். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே!"

மூன்று மணிக்கு நான் நேர்காணலுக்குப் போனபோது கையில் இரண்டு தாள். ஒன்று என் விண்ணப்பம். இன்னொன்று திரும்பப் பெறும் படிவம். "காரணம்" என்ற இடத்தில் அரை மணி நேரம் யோசித்து, "பயனுள்ளது, ஆனால் பொருத்தமற்றது" என்று எழுதியிருந்தேன்.

ஜி.எம். விண்ணப்பத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சமீபத்துல வேலை வளர்ச்சி பத்தி..." என்று தொடங்கி, அவரே நிறுத்திக்கொண்டார். "வேணாம். தெரியும். ஆறு வரைக்கும் எனக்கே மனப்பாடம். ஏழாவது என்ன?"

அதுவரை எனக்கும் ஏழாவது ஞாபகத்தில் இல்லை. சொல்ல வாயைத் திறந்தபோதுதான் வந்தது. படிவத்தை முன்னால் நீட்டினேன்.

"சார், முதல்ல இதுல ஒரு கையெழுத்து..."

"இருங்க. ஏழாவது?"

கதவு தட்டப்பட்டது. டில்லிபாபு தலையை நீட்டினார்.

"சார், சாரி சார். மேடத்த ஒரு டவுட்டு கேட்டுக்கறேன். ஆறு பாயிண்ட்டும் முடிஞ்சிது மேடம். ஏழாவது, 'உங்கள் மதிப்பு உணரப்படாத இடத்தை விட்டு வெளியேறத் தயங்காதீர்கள்.' அது ஷிஃப்ட்டு முடியறதுக்குள்ள செய்யணுமா, இல்ல நாளைக்கி செய்லாமா? பதினாலு பேரும் கேக்கறாங்க."

எங்கள் ஜி.எம். ஒரு தாளில் கையெழுத்துப் போட சராசரியாக மூன்று நாள் எடுப்பார். அன்று படிவத்தை என் கையிலிருந்து பிடுங்கினார். காரணத்தைப் படிக்கவில்லை. பேனாவின் மூடியைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

டில்லிபாபு படிவத்தை வாங்கி, தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

அறையில் நாங்கள் இருவர்தான். நான் என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எழுந்து போகச் சொன்னால் தாமதம் ஆகக் கூடாதல்லவா.

"உட்காருங்க மேடம்," என்றார் ஜி.எம். "நான் இங்க வந்து ஒம்பது வருஷம். நான் போட்ட ஒரு சுற்றறிக்கையக்கூட இவங்க முழுசா படிச்சதில்ல. நீங்க எழுதினத ஒரே நாள்ல, ஒரு வரி விடாம, பதினாலு பேரும் செஞ்சிருக்காங்க."

"அது சீலுக்கு உள்ள மரியாதை சார்."

"அந்த மரியாதைய உண்டாக்கினது யாரு?"

மடியில் இருந்த பையைக் கீழே வைத்தேன்.

"நீங்க எழுதுங்க. அத அவங்க செய்வாங்க. என்ன எழுதறீங்கன்றத மட்டும் இனிமே நான் ஒரு தடவ பாத்துடறேன்," என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "என் கதைய இன்னிக்கு பாதிதான் சொன்னேன். மீதிய எப்ப கேக்கணும்னு தாள்ல ஏதாவது போட்டிருக்கா?" என்றார்.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. உதவி மேலாளர்! முறைப்படி கோப்பில் சேர்க்க வேண்டுமே என்று காமாட்சி அக்காவிடம் நீட்டினேன்.

அக்கா சீலைக் கையில் எடுத்தார். கடிதத்தைப் புரட்டினார். சீலைக் கீழே வைத்தார்.

"ஒண்ணுதானேம்மா கீது. மீதி பதிமூணு எங்க?"